அழகப்பர் இட்ட முதல்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையில் தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி ஆகிய ஊர்களைக் கடந்தால் மறைமலை நகர் வருகிறது. பல்லாவரத்தில் வாழ்ந்து தமிழுக்கு உழைத்த மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய அவ்வூர், இன்று ஆலைகளின் ஊராக விளங்குகிறது. அச்சாலையோரம் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு மாறுதல் புலப்படாமற் போகாது. புகையுமின்றி ஓசையுமின்றி மின்சாரத்தால் ஓடும் வண்டிகள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. மின்சாரத்தால் ஓடும் வாகனம் இப்பகுதிக்குப் புதிதன்று. 1931-லேயே சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் ரயில் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தலைக்குமேல் செல்லும் கம்பியிலிருந்து அவ்வப்போது பெற்றுக்கொள்கிறது. சாலையில் ஓடும் வண்டியோ தனக்கு வேண்டியதைச் சேமித்து வைத்துச் சுமந்து செல்ல வேண்டும். அவ்வாறு சேமித்து வைக்கும் கருவியே பாட்டரி. வண்டியின் விலையில் பெரும்பங்கு அதற்கே போகிறது. அப்பாட்டரியின் உள்ளே இருக்கும் கலங்கள் எங்கே பிறந்தவை என்று கேட்டால், பெரும்பாலும் சீனா முதலிய அயல்நாடுகளில் என்ற விடையே கிடைக்கிறது.

தன் தேவையைத் தானே செய்துகொள்ள வேண்டுமென்று கோரி விடுதலைப் போர் நடத்திய ஒரு தேசத்துக்கு இந்த விடை மனநிறைவு தருவதாக இல்லை. அதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. மின்சாரத்தைச் சேமிக்கும் வித்தை உள்ளிட்ட ஒரு பெரும் விஞ்ஞானத் துறைக்கு, நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, தம் கைப்பொருளை முதலாக இட்ட தமிழர் ஒருவர் இருந்தார். அவரே காரைக்குடி வள்ளல் டாக்டர் அழகப்பச் செட்டியார். கல்லூரிகள் கண்ட கொடைவள்ளல் என்று அவரைத் தமிழ்நாடு போற்றுகிறது. அப்போற்றுதல் தகுதியானதே. எனினும், தொழில் நடத்தும் ஒருவர் தேசத்தின் ஆராய்ச்சிக்குச் செய்ய வேண்டிய கடமை யாது என்பதற்கு அவர் வாழ்க்கை காட்டும் வழியைப் பற்றி நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை. இன்று அதைச் சிந்திக்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.

அழகப்பர் 1909-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி, அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில், காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் நகரத்தார் குடும்பமொன்றில் பிறந்தார். நகரத்தார் சமூகத்தின் வாணிபத் திறமையை நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மழை குறைந்த செட்டிநாட்டிலிருந்து கப்பலேறிப் பர்மா, மலாய், இலங்கை ஆகிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் நடத்தி, ஈட்டிய பொருளோடு ஊர் திரும்புவது அவர்களுடைய மரபு. அவர்களிடம் மகமை என்றொரு வழக்கம் உண்டு. வரும் இலாபத்தில் ஒரு பகுதியைத் தர்மத்துக்கென்று கணக்கிலேயே ஒதுக்கி வைப்பது அது. தர்மம் செய்யலாமா வேண்டாமா என்று ஆண்டுதோறும் யோசித்து முடிவு செய்வதில்லை. பேரேட்டில் அதற்கென்று ஒரு பற்று எப்போதும் இருக்கும். கோயில் திருப்பணிகளும், ஊருணிகளும், சத்திரங்களும், பாடசாலைகளும் அந்தப் பற்றிலிருந்து எழுந்தவை. இவ்வழக்கத்தை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். அழகப்பர் செய்தது இம்மரபை உடைத்ததன்று. அது செல்லும் திசையை மாற்றியதேயாம்.

அக்காலத்தில் செட்டிப் பிள்ளைகள் கணக்குப் பழகியதும் கடைக்கு அனுப்பப்படுவார்கள். அழகப்பர் அவ்வழி செல்லவில்லை. காரைக்குடியில் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னை ராஜதானிக் கல்லூரியில் சேர்ந்து, தமது 21-ஆம் வயதில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். பிறகு இங்கிலாந்து சென்று மிடில் டெம்பிளில் சட்டம் பயின்று பாரிஸ்டரானார். லண்டன் சார்ட்டர்டு பாங்கியில் பயிற்சியும் பெற்றார். லண்டனை அடுத்த கிராய்டனில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். பாங்கி நடைமுறையை அதன் தலைமை நிலையத்திலேயே கற்ற ஒருவர், இயந்திர யுகத்தின் புதிய வாகனத்தைத் தம் கையாலேயே செலுத்தியும் பார்த்தார். பணம் எவ்வாறு பெருகுகிறது, இயந்திரம் எவ்வாறு இயங்குகிறது என்ற இவ்விரண்டையும் இளமையிலேயே அவர் நேரில் கண்டார் என்று சொல்வது மிகையாகாது.

தாய்நாடு திரும்பிய அவர் வட்டித் தொழிலோடு நின்றுவிடவில்லை. கொச்சி ராஜ்யத்தில், திருச்சூரை அடுத்து, நூல் ஆலையொன்றை நிறுவினார். அவ்விடம் இன்றும் அழகப்ப நகர் என்றே வழங்குகிறது. மலாயில் ஈயச் சுரங்கமும் ரப்பர்த் தோட்டமும், கல்கத்தாவில் இன்ஷூரன்ஸும், பம்பாயில் ஹோட்டலும், சென்னையில் பங்கு வாணிபமுமாக அவருடைய முயற்சிகள் பல துறைகளில் கிளைத்தன. ஜூபிடர் ஏர்வேஸ் என்ற பெயரில் விமானப் போக்குவரத்துக் கம்பெனியொன்றையும் நடத்தினார். நாற்பது வயது நிரம்புமுன்னரே பிரிட்டிஷ் சர்க்கார் அவருக்கு சர் பட்டம் வழங்கியது. நாடு விடுதலையடைந்ததும் அவர் அதைத் துறந்துவிட்டார்.

இத்தகைய செல்வர்கள் அக்காலத்தில் வேறு சிலரும் இருந்தார்கள். அழகப்பரை அவர்களிலிருந்து பிரித்துக் காட்டுவது, பொருளை எதற்குக் கொடுத்தார் என்பதுதான். 1940-களின் தொடக்கத்தில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை அமைவதற்கு ஒரு லட்சம் ரூபாய் அளித்தார். 1944-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 5 லட்சம் ரூபாய் நன்கொடை வழங்கினார். அதைக்கொண்டு கிண்டியில் எழுந்ததே அழகப்பச் செட்டியார் தொழில் நுட்பக் கல்லூரி. தாம்பரத்திலிருந்து சென்னைக்குள் செல்பவர்கள் கிண்டியைக் கடந்தே செல்கிறார்கள். அக்கல்லூரியை இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக மட்டும் அறிந்தவர்கள் பலர். அது தொடங்கிய ஆண்டு யுத்த காலம் என்பதைக் கவனிக்க வேண்டும். கடல் வழிகள் அபாயத்துக்கு உட்பட்டு இறக்குமதிகள் தடைப்பட்டபோதுதான், சாதாரண இரசாயனப் பொருளுக்கும் இயந்திர உறுப்புக்கும்கூட நாம் பிறர் கையை எதிர்பார்த்திருந்த நிலை எல்லோருக்கும் விளங்கியது. இரசாயனத் தொழிலும், நெசவும், தோல் பதனிடுதலும் விஞ்ஞான முறையில் கற்பிக்கப்படுவதற்கு அச்சமயத்தில் ஒரு கல்லூரி அமைந்தது தற்செயலாகக் கொள்ளத்தக்கதன்று.

1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெஸண்ட் அம்மையாரின் நூற்றாண்டையொட்டி ஒரு கூட்டம் நடைபெற்றது. பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார் அதில், விடுதலை பெறப்போகும் நாட்டுக்குக் கல்லூரிகள் பல வேண்டுமென்றும், செல்வர்கள் முன்வர வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார். அழகப்பர் அக்கூட்டத்திலேயே எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்க ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். சொல்லி இரு மாதம் ஆவதற்குள், ஆகஸ்டு 15-க்குச் சில தினங்கள் முன்பாகவே, காரைக்குடி காந்தி மாளிகையில் அழகப்பா கல்லூரி நடக்கத் தொடங்கிவிட்டது. கட்டிடம் எழும்பட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

அடுத்த ஆண்டு நிகழ்ந்ததே நமது இன்றைய விஷயத்துக்கு உயிரானது. 1942-ல் ஏற்பட்ட விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சி மன்றத்தை நடத்தி வந்த டாக்டர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர், தேசமெங்கும் ஆராய்ச்சிச் சாலைகளை ஒரு சங்கிலி போல அமைக்கத் திட்டமிட்டிருந்தார். பௌதிகத்துக்கு டில்லியும், இரசாயனத்துக்குப் புனாவும், உலோகத்துக்கு ஜாம்ஷெட்பூரும் என்று இடங்கள் அமைந்தன. மின் இரசாயனத்துக்கு ஓர் ஆராய்ச்சிச் சாலை வேண்டியிருந்தது. அழகப்பர் 15 லட்சம் ரூபாயும், காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் தர முன்வந்தார். 1948-ஆம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி பிரதமர் ஜவாஹர்லால் நேரு காரைக்குடிக்கு வந்து மத்திய மின் இரசாயன ஆராய்ச்சி நிலையத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் உபராஷ்டிரபதி டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். ஒரு லட்சம் ரூபாய் இருந்தால் ஒரு கல்லூரியைத் தொடங்கிவிடலாம் என்றிருந்த காலத்தில் 15 லட்சம் என்பது எத்தகைய தொகை என்பதை நேயர்களே கணித்துக்கொள்ளலாம்.

மின் இரசாயனம் என்பது யாது? மின்சாரத்தைச் செலுத்திப் பொருள்களைப் பிரிப்பதும் சேர்ப்பதும் ஒரு பாதி. பொருள்களின் சேர்க்கையிலிருந்து மின்சாரத்தைப் பெறுவது மறு பாதி. முதற் பாதியிலிருந்து அலுமினியமும், காஸ்டிக் சோடாவும், குளோரினும், உலோக முலாமும் கிடைக்கின்றன. இரண்டாம் பாதியிலிருந்து பாட்டரி பிறக்கிறது. இரும்பு துருப்பிடிப்பதுகூட இதே விஞ்ஞானத்தின் ஒரு கிளைதான். அதனால்தான் காரைக்குடி நிலையம் உப்புக் காற்று வீசும் மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் தனக்குக் கிளைகளை வைத்திருக்கிறது.

மோட்டார் வண்டிகளில் நெடுங்காலமாக நாம் காணும் ஈய அமில பாட்டரியை 1859-ல் பிளாந்தே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கண்டுபிடித்தார். நீர் கலந்த கந்தக அமிலத்தில் ஈயத் தகடும் ஈய ஆக்ஸைடு பூசிய தகடும் நிற்கின்றன. மின்சாரம் வெளிப்படும்போது இரு தகடுகளும் ஈய ஸல்பேட்டாக மாறுகின்றன. மின்சாரத்தை உட்செலுத்தினால் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. ஒரு கலத்தில் ஏறக்குறைய 2 வோல்ட் கிடைக்கும். எளிய கருவி, மலிவானது, ஆனால் கனமானது. ஒரு கிலோ எடைக்கு 30 அல்லது 40 வாட்-மணிக்கு மேல் அதில் அடங்குவதில்லை. இன்றைய லிதியம் அயனிக் கலமோ அதே எடையில் 150 முதல் 250 வாட்-மணி வரை தாங்குகிறது. லிதியத்தின் அயனிகள் பென்சிற்கரியாகிய கிராபைட்டின் அடுக்குகளுக்கும் உலோக ஆக்ஸைடின் அடுக்குகளுக்கும் இடையே போய் வருகின்றன. விருந்தினர் வந்து போனாலும் வீடு குலையாதது போல, அடுக்குகள் குலைவதில்லை. இவ்வேறுபாட்டினால்தான் மின்சார வண்டி இன்று சாலைக்கு வந்தது.

இந்த வித்தை எவ்வாறு பிறந்தது என்பதை நமது தொழிலதிபர்கள் கவனிக்க வேண்டும். 1970-களில் பெட்ரோல் நெருக்கடி ஏற்பட்ட சமயம், எக்ஸான் என்ற எண்ணெய்க் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் விட்டிங்ஹாம் முதற்படியை அமைத்தார். 1980-ல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் குடெனஃப், கோபால்ட் ஆக்ஸைடைப் பயன்படுத்தலாமென்று கண்டார். 1985-ல் ஜப்பானில் அஸாஹி கஸேய் என்ற இரசாயனக் கம்பெனியில் யோஷினோ ஆபத்தில்லாத முழுக் கலத்தை உருவாக்கினார். 1991-ல் ஸோனி கம்பெனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2019-ல் மூவருக்கும் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒரு கம்பெனி தொடங்கியதை ஒரு பல்கலைக்கழகம் வளர்த்தது. மற்றொரு கம்பெனி முடித்தது. இன்னொரு கம்பெனி விற்றது. சர்க்கார் ஆராய்ச்சிச் சாலை மட்டும் தனித்திருந்து இதைச் செய்யவில்லை. கம்பெனி மட்டும் தனித்திருந்தும் செய்யவில்லை.

அழகப்பரின் கொடை இந்த இடத்தில்தான் தன் முழுப் பொருளையும் பெறுகிறது. அவர் நூல் ஆலை நடத்தியவர். காரைக்குடி நிலையத்தில் கண்டுபிடிக்கப்படுவது எதுவும் அவருடைய ஆலைக்குத் தனியுரிமையாக வரப்போவதில்லை. நிலையம் தேசத்தின் உடைமை; அதன் அறிவும் தேசத்தின் உடைமை. ஊருணி வெட்டியவர் அதன் நீரைத் தமக்கென்று பூட்டி வைப்பதில்லை. அதே முறையில் அவர் விஞ்ஞானத்துக்கு ஓர் ஊருணி வெட்டினார். மகமையென்ற பழைய பற்றின் கீழ், கோயிலும் சத்திரமும் இருந்த இடத்தில் ஆராய்ச்சிச் சாலையையும் எழுதினார்.

இதைக் குறைகூறத்தக்க வாதங்களும் இல்லாமலில்லை. வறண்ட செட்டிநாட்டில், பெரிய ஆலைகள் ஏதுமில்லாத ஓரூரில், இத்தகைய நிலையத்தை வைக்கலாமா என்பது ஒன்று. ஆலைகள் ஓரிடத்திலும் ஆராய்ச்சி வேறிடத்திலும் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அறியாமலே போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. இதற்குப் பின்வந்த காலம் ஓரளவு சான்றும் தந்திருக்கிறது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் குறைக்கு நிலம் கொடுத்தவர் எவ்வாறு பொறுப்பாவார்? காரைக்குடிக்குச் செல்லும் சாலை எல்லோருக்கும் திறந்தே இருந்தது. பாட்டரி செய்து விற்றவர்களில் எத்தனை பேர் அச்சாலையில் சென்றார்கள் என்பதே கேள்வி. அயல்நாட்டுக் கம்பெனியிடம் உரிமை வாங்கி, இயந்திரத்தையும் வாங்கி, அவர்கள் சொன்னபடி செய்து விற்பது எளிது. அவ்வாறு வாங்கிய வித்தை பழையதாகும்போது மீண்டும் வாங்க வேண்டும். இவ்வழியில் நாம் எத்தனை முறை சென்றாலும் வாசலிலேயே நிற்போம். உள்ளே செல்ல மாட்டோம்.

அழகப்பரின் கடைசி ஆண்டுகள் இன்பமானவையல்ல. நோய் அவரை வாட்டியது. கொடுத்துக் கொடுத்துச் செல்வமும் குறைந்தது. ஆயினும் கல்லூரிகள் நின்றபாடில்லை. 1952-ல் காரைக்குடியில் பொறியியற் கல்லூரி எழுந்தது. பெண்களுக்குக் கல்லூரி வேண்டுமென்றபோது, தாம் வாழ்ந்த மாளிகையையே அதற்கென்று கொடுத்தார். 1956-ல் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மபூஷண் விருதளித்தது. 1957 ஏப்ரல் 5-ந் தேதி, 48-ஆம் பிறந்த நாளுக்கு முதல் நாள், அவர் காலமானார். ஒருவர் தமக்கு எவ்வளவு வைத்துக்கொண்டார் என்பதைக் கொண்டு கொடையை அளப்பதானால், அவருக்கு ஒப்பானவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 1985-ல் அவர் பெயரால் காரைக்குடியில் பல்கலைக்கழகமும் ஏற்பட்டது.

அவர் கல் நாட்டச் செய்த நிலையம் எழுபது ஆண்டுகளில் பல துறைகளில் பணி புரிந்தது. அவற்றுள் பாட்டரி ஒன்று. டில்லி, கல்கத்தா, ஹைதராபாத் ஆகிய இடங்களிலுள்ள சகோதர நிலையங்களோடு சேர்ந்து, லிதியம் அயனிக் கலம் செய்யும் சுதேசி முறையொன்றை அது உருவாக்கியது. மாதிரிக் கலங்களைச் செய்து காட்டும் சிறு ஆலை சென்னையில் அமைக்கப்பட்டது. 2018 ஜூனில், ராசி சோலார் பவர் என்ற கம்பெனியோடு அம்முறையைத் தொழிலுக்கு மாற்றிக் கொடுப்பதற்கான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நேரு கல் நாட்டியது 1948. ஒப்பந்தம் 2018. இடையே ஓடியவை சரியாக எழுபது ஆண்டுகள். ஆராய்ச்சிச் சாலையின் கதவும் ஆலையின் கதவும் எதிரெதிரே இருந்தும் நடுவிலிருந்த தெருவைக் கடக்க நாம் எடுத்துக்கொண்ட காலம் இதுவென்று சொன்னால், அதில் ஓரளவேனும் உண்மையுண்டு.

பாட்டரி செய்பவர் ஆராய்ச்சிக்குப் பணம் மட்டும் தந்தால் போதுமா? போதாது என்பதே நமது கருத்து. ஆராய்ச்சிச் சாலையில் ஒரு பொருளைக் கிராம் கணக்கில் செய்கிறார்கள். ஆலையில் அதை டன் கணக்கில் செய்ய வேண்டும். கிராமில் வெற்றியடைந்தது டன்னில் தோல்வியடைவது சாதாரணம். எங்கே, எதனால் தோற்றது என்பதை ஆலைக்காரர் மட்டுமே அறிவார். விற்ற பாட்டரிகளில் எவை கெட்டுத் திரும்பி வந்தன, எந்த மாதத்தில் வந்தன, எந்த ஊரிலிருந்து வந்தன என்ற கணக்கு அவரிடம்தான் இருக்கிறது. குளிர்நாட்டில் 25 டிகிரி வெப்பத்தை அளவாகக் கொண்டு வகுத்த பாட்டரி, சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் செங்கற்பட்டுச் சாலையில் எவ்வாறு நடந்துகொள்ளும்? வெப்பம் 10 டிகிரி கூடினால் ஈய அமில பாட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது அத்தொழிலில் எல்லோரும் அறிந்த கணக்கு. நம் வெயிலுக்கும் நம் புழுதிக்கும் ஏற்ற கலத்தை நாம்தான் ஆராய்ந்து காண வேண்டும். அயலார் நமக்காக அதைச் செய்ய மாட்டார்கள். ஆகவே தம் தோல்விகளின் கணக்கை ஆராய்ச்சியாளர்முன் வைப்பதே பாட்டரி முதலாளி தரக்கூடிய மிகப் பெரிய கொடை. வியாபார இரகசியம் வெளியாகிவிடுமே என்று அஞ்சுபவர்கள், அந்த இரகசியத்தில் தமக்குச் சொந்தமானது எவ்வளவு, அயல்நாட்டிலிருந்து உரிமைக்கு வாங்கியது எவ்வளவு என்று ஒரு முறை எண்ணிப் பார்க்கட்டும்.

இனி வரப்போகும் பாட்டரிகளில் நமக்கு வாய்ப்பு இல்லையென்று சோர்வடைய வேண்டியதில்லை. லிதியத்துக்குப் பதிலாக ஸோடியத்தைக் கொண்டு கலம் செய்யும் முறை உலகெங்கும் ஆராயப்பட்டு, சில நாடுகளில் தொழிலாகவும் தொடங்கியிருக்கிறது. எடைக்கு எடை அது லிதியத்துக்குச் சற்றுக் குறைந்ததே. ஆனால் ஸோடியம் உப்பில் இருக்கிறது. உப்பு கடலில் இருக்கிறது. 1930-ல் ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் வேதாரண்யத்துக்கு நடந்து சென்று எந்த உப்பை அள்ளினார்களோ, தூத்துக்குடி அளங்களில் இன்று எந்த உப்பு வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கிறதோ, அதே உப்பிலுள்ள உலோகம்தான் அது. லிதியக் கலத்துக்கு வேண்டிய கிராபைட்டோ, காரைக்குடி அடங்கிய சிவகங்கை ஜில்லாவின் மண்ணிலேயே கிடைக்கிறது. உலைகளுக்கு வேண்டிய செங்கற்களுக்கும் மூசைகளுக்கும் ஏற்ற பொருளாக அது தோண்டியெடுக்கப்பட்டு வருகிறது. பாட்டரிக்கு ஏற்றபடி அதை மிக உயர்ந்த அளவில் தூய்மை செய்வதற்கு ஆராய்ச்சியும் முதலும் வேண்டும். பொருள் நம்மிடம் இருக்கிறது. அறிவைச் சேர்ப்பதே பாக்கி.

மறைமலை நகருக்கே திரும்புவோம். அங்கே 1990-களில் அமெரிக்க மோட்டார்க் கம்பெனியான போர்டு ஒரு பெரிய ஆலையை நிறுவியது. ஆயிரக்கணக்கானவர்கள் அங்கு வேலை பெற்றார்கள். 2021-ல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதென்று கம்பெனி முடிவு செய்தது. 2022-ல் கடைசி வண்டி வெளிவந்தது. 2024-ல் ஏற்றுமதிக்காக ஆலையை மீண்டும் பயன்படுத்தும் எண்ணத்தை அதே கம்பெனி அறிவித்தது. நாம் அக்கம்பெனியின்மேல் குற்றம் சொல்ல வரவில்லை. அது தன் இலாப நஷ்டத்தைப் பார்த்தது. எந்த வியாபாரியும் அப்படித்தான் செய்வான். ஆனால் ஆலை நம் மண்ணில் இருந்தும் அதைத் திறப்பதும் மூடுவதும் கடலுக்கப்பால் தீர்மானிக்கப்பட்டன என்பதை நம் தொழிலாளிகள் தம் அனுபவத்தில் கண்டார்கள். கட்டிடமும் இயந்திரமும் இங்கே இருந்தால் போதாது. வித்தையும் இங்கே வேரூன்ற வேண்டும். வேரூன்றிய வித்தையை எவரும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போக முடியாது.

புதிய ஆலைகள் வரும்போதெல்லாம் எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை என்ற இரண்டு கேள்விகளை மட்டுமே நாம் கேட்டு வந்திருக்கிறோம். மூன்றாவதாக ஒரு கேள்வியையும் கேட்கும்படி அரசியல் ஊழியர்களாகிய நேயர்களை வேண்டுகிறோம். இந்த ஆலை இந்நாட்டின் ஆராய்ச்சிச் சாலைகளோடு சேர்ந்து என்ன செய்யப் போகிறது? நிலமும் வரிச் சலுகையும் மின்சாரமும் ஜனங்களின் பொருளிலிருந்து தரப்படுகையில், இக்கேள்வியைக் கேட்க ஜனங்களுக்கு உரிமையுண்டு. சட்டமன்றத்திலும், நகரசபையிலும், தொழிற்சங்கக் கூட்டத்திலும் இது எழ வேண்டும்.

பாட்டரித் தொழிலதிபர்களுக்கு நாம் சொல்ல விரும்புவதும் ஒன்றே. விற்கும் ஒவ்வொரு பாட்டரியிலும் ஒரு சிறு பங்கை ஆராய்ச்சி மகமையென்று பேரேட்டிலேயே ஒதுக்குங்கள். நல்ல ஆண்டில் கொடுப்போம், கெட்ட ஆண்டில் நிறுத்துவோம் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். ஆராய்ச்சி ஆண்டுக் கணக்கில் முடிவதன்று. ஒருவரோடொருவர் சந்தையில் போட்டியிடுங்கள். ஆனால் அடிப்படை வித்தையைப் பொதுவாக ஆராய்ந்துகொள்ளுங்கள். காரைக்குடியிலும், தரமணியிலும், கிண்டியிலும், பல்கலைக்கழகங்களிலும் உள்ள விஞ்ஞானிகளை உங்கள் ஆலைக்குள் அழையுங்கள். உங்கள் எஞ்சினீயர்களை அவர்களுடைய சாலைகளுக்கு அனுப்புங்கள். நூல் ஆலை நடத்திய ஒருவர், தமக்கு நேரிடையான ஆதாயம் ஏதுமில்லாத ஒரு விஞ்ஞானத்துக்கு 15 லட்சமும் 300 ஏக்கரும் கொடுத்திருக்கிறார். அதே விஞ்ஞானத்தைக் கொண்டு ஜீவனம் செய்பவர்கள் எவ்வளவு கொடுக்க வேண்டுமென்று நாம் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

அழகப்பருக்குச் சிலைகள் உண்டு. அவர் பெயரால் கல்லூரிகள் உண்டு. அவற்றோடு நமது நன்றி முடிந்துவிடக் கூடாது. மறைமலை நகர்ச் சாலையில் ஓடும் ஒரு வண்டியின் பாட்டரிக் கலம், நம்மவர் ஆராய்ச்சியில் பிறந்து, நம்மவர் ஆலையில் செய்யப்பட்டு, நம் வெயிலைத் தாங்கி ஓடுமாயின், அன்றுதான் 1948-ல் அவர் இட்ட முதலுக்கு வட்டி கட்டத் தொடங்கியவர்களாவோம்.